வைரஸ் வந்த கதை: லாகூரிலிருந்து அருப்புக்கோட்டை வரை

வரலாறு என்றாலே உனக்குச் சோழனும் பாண்டியனும்தானா, நம் காலத்து விஷயம் எதுவும் கிடையாதா என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். கிடைக்காமல் என்ன, என் வீட்டிலேயே ஒன்று நடந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் 1986-ஆம் வருடத்து லாகூர் வரைக்கும் போகிறது. கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வீட்டுக் கதை. எங்கள் வீடு அருப்புக்கோட்டையில். குலதெய்வம் கோயில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம், ஒரு பொட்டல் காட்டுக்கு நடுவில். வருடம் முழுக்க அங்கே ஒரு பூசாரியும் நாலு ஆடுகளும்தான். சிவராத்திரி வந்தால் சென்னை, திருப்பூர், மதுரை என்று எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாம் வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். அந்தக் கோயிலுக்குக் கணக்கு எழுதுவது அப்பா. தலைக்கட்டு வரி யார் கொடுத்தது, யார் பாக்கி, பந்தலுக்கு எவ்வளவு, மைக் செட்டுக்கு எவ்வளவு என்று 2009-லிருந்து எல்லாம் எக்செலில் இருக்கிறது. முதல் இரண்டு வருடம் நோட்டிலும் எழுதினார். அப்புறம் எதற்கு இரட்டை வேலை என்று நோட்டை விட்டுவிட்டார். கணக்கு முழுவதும் ஒரே ஒரு பென் டிரைவில். அதைச் சாவிக்கொத்தோடு சேர்த்து மாட்டியிருப்பார்.

2018 சிவராத்திரிக்குப் பத்து நாள் முன்னால், பழைய வருடக் கணக்குகளைப் பிரிண்ட் எடுக்க ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். பாதிதான் வந்தது, இங்க் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாகத் திறந்தது. இரண்டு நாள் கழித்து மீதியை எடுக்க வேறொரு கடைக்குப் போனார். அந்தக் கடைக் கணினி பென் டிரைவைச் செருகியதும் கத்தியது, எதையோ பிடித்து அழித்தது. அதற்குப் பிறகு 'கோயில் கணக்கு' ஃபோல்டரைத் தட்டினால் ஃபைல் இல்லை என்று பிழைச்செய்தி மட்டும் வருகிறது. அளவைப் பார்த்தால் ஒரு கேபி! ஒன்பது வருடக் கணக்கு ஒரு கேபியில்!

"எல்லாம் போயிருச்சு சார். ஃபார்மட் பண்ணித் தரவா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அப்பா பதில் சொல்லாமல் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஒன்றைச் செய்தாரே, அதுதான் எங்களைக் காப்பாற்றியது.

வெளியாட்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. அதில் இருந்தது எங்கள் பணமும் கிடையாது. ஆனால் பங்காளிகள் முன்னால் உட்கார்ந்து "கணக்கு கம்ப்யூட்டர்ல அழிஞ்சுபோச்சு" என்று சொல்ல முடியுமா? பெரியப்பா ஒருவர் இருக்கிறார். முந்தின வருடமே "எல்லாத்தையும் அந்தப் பொட்டிக்குள்ளயே வச்சிருக்கியேப்பா, நமக்கென்ன தெரியுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனவர். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

நான் அப்போது ஒன்பதாவது. வீட்டுக் கணினி 2008-ல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, நாங்கள்தான் நிறுத்தவில்லை. என்னதான் ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். உங்கள் நிர்வாகி இதை முடக்கி வைத்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. பின்னால் நின்றிருந்த அப்பா அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "யாருடா அந்த நிர்வாகி?"

நல்ல கேள்வி. பிசி வைரஸ்களின் வரலாறு முழுக்க இந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது. பெட்டி நம்முடையது, உள்ளே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது வேறு யாரோ.

ஐபிஎம் வகை பிசிக்கு வந்த முதல் வைரஸின் பெயர் பிரெயின். (அதற்கும் முன்னால், 1982-ல், ரிச் ஸ்க்ரெண்டா என்ற அமெரிக்கப் பள்ளி மாணவன் ஆப்பிள் 2 கணினிக்கு எல்க் க்ளோனர் என்ற ஒன்றை எழுதி நண்பர்களை வெறுப்பேற்றியிருக்கிறான். வயது 15. அது தனிக் கதை.) பிரெயினை 1986-ல் எழுதியவர்கள் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர், அம்ஜத் ஃபரூக் ஆல்வியும் பாசித் ஃபரூக் ஆல்வியும். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுக்கிறார்களே என்ற கோபத்தில் எழுதியதாகச் சொன்னார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டார்கள். எங்களைக் கூப்பிடுங்கள், மருந்து தருகிறோம் என்று! உலகம் முழுக்கவிருந்து போன் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. 25 வருடம் கழித்து, 2011-ல், ஃபின்லாந்தின் மிக்கோ ஹிப்போனன் என்ற வைரஸ் நிபுணர் அந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு லாகூருக்குப் போனார். கதவைத் தட்டினால் அதே அண்ணன் தம்பி, அதே இடத்தில் தொழில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிரெயின் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஃபிளாப்பியின் முதல் பகுதியை பூட் செக்டர் என்பார்கள். கணினி உயிர் பெறும்போது முதலில் படிப்பது அதைத்தான். பிரெயின் அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டு, அங்கே ஏற்கெனவே இருந்ததை ஃபிளாப்பியின் வேறொரு மூலைக்குத் தள்ளி, அந்த மூலையைக் 'கெட்டுப்போன பகுதி' என்று குறித்துவிடும். சரி, பூட் செக்டரைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. பிரெயின் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பூட் செக்டரைக் கேட்டால், மூலைக்குத் தள்ளிய பழைய பகுதியை எடுத்துக் காட்டும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது பாருங்கள் என்று.

அதனால் அந்தக் காலத்தில் வைரஸ் எடுத்தவர்கள் முதலில் கற்றுக்கொண்டது, வைரஸ் ஓடுகிற கணினி சொல்வதை நம்பக் கூடாது என்பதுதான். சுத்தமான டாஸ் ஃபிளாப்பி ஒன்று, எதுவும் எழுத முடியாதபடி ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூடியது, கையில் இருக்க வேண்டும். கணினியை அணைத்துவிட்டு அதிலிருந்து கிளப்பி, வெளியே நின்று உள்ளே பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு 'சிஸ்' கட்டளை கொடுத்து பூட் செக்டரைப் புதிதாக எழுதினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை, வெளியே நிற்கத் தெரிந்தால்.

இந்தியாவுக்கு வருவோம். 1990 ஜூனில் இந்தியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு வைரஸ் உலகம் சுற்றியது, பெயர் ஜோஷி. வருடம் முழுக்கச் சத்தம் காட்டாமல் கிடக்கும். ஜனவரி 5-ஆம் தேதி வந்தால் கணினியை நிறுத்திவிட்டு, 'ஹேப்பி பர்த்டே ஜோஷி' என்று தட்டச்சு செய்யச் சொல்லும். வாழ்த்துச் சொன்னால்தான் வேலை நடக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிரெயினைப் போலவே ஒளிந்துகொள்ளும். அதோடு கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மறுபடி கிளப்பினாலும் நினைவகத்தை விட்டுப் போகாது. கிளப்பிவிட்டோம், போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம், அது உள்ளேயே இருக்கும். மின்சாரத்தையே நிறுத்தி, சுத்தமான ஃபிளாப்பியிலிருந்து கிளப்பினால்தான் விடுதலை.

அப்போது வைரஸ் எடுத்தவர்கள் பெரும்பாலும் ரிப்பேர் மேசையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தவர்கள். புனேயில் கைலாஷ் கட்கர் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கால்குலேட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். அப்புறம் சொந்தக் கடை, அப்புறம் கணினி ரிப்பேர். தம்பி சஞ்சயைக் கணினி அறிவியல் படிக்க வைத்தார். ரிப்பேருக்கு வருகிற கணினிகளில் நிறையவற்றுக்கு வன்பொருளில் ஒரு கோளாறும் இல்லை, வைரஸ்தான். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்த தம்பி, அதையே செய்ய நிரல் எழுதத் தொடங்கினார். 1990-களின் நடுவில் அது குவிக் ஹீல் ஆனது. 2016-ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

நம் ஊர்க் கதையும் உண்டு. 1991-ல் சென்னையில் ஜே. கேசவர்தனன் தொடங்கிய கே7 கம்ப்யூட்டிங். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் இருந்த காலத்திலேயே அவர்களுடைய ஆன்டி வைரஸ் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனத்தின் வழியாக விற்றுத் தள்ளியது. வருடா வருடம் புதுப்பிக்கக் காசு கேட்காத ஆன்டி வைரஸ் என்பது அங்கே புதுசு. சென்னையில் எழுதிய நிரல் டோக்கியோவில் காவல் நின்றது. ராஜேந்திர சோழன் கடாரம் போனதைப் படிக்கிற நாம் இதையும் ஒரு வரி படிக்கலாம், தப்பில்லை.

அதே காலத்தில் பள்ளிக்கூடங்களில் நடந்தது என்ன? கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். தூசிக்காகத்தான். ஆனால் செருப்போடு போனால் வைரஸ் வந்துவிடும் என்று நம்பியவர்கள் நிறையப் பேர். என் மாமா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார், அவரும் நம்பியவர்தான் :-) வைரஸுக்கு 'நச்சுநிரல்' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. அது புழங்கியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. நிரல் என்றால் யாரோ உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துவிடுமே.

சரி, எங்கள் ஊர்ப் பக்கம் வைரஸ் எப்படி வந்தது? நகரங்களுக்கு அது இணையத்தில் வந்தது. 2000 மே 4-ஆம் தேதி மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் வழியாக ஒரே நாளில் உலகைச் சுற்றியது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இணையம் எல்லாம் ரொம்பப் பின்னால்தான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி என்று பஸ்ஸில் போகப் போக கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமும்தான். அங்கே வைரஸ் வந்தது சட்டைப் பையில். முதலில் ஃபிளாப்பி, அப்புறம் பாட்டு சிடி, அப்புறம் பென் டிரைவ், கடைசியில் செல்போன் மெமரி கார்டு. கல்யாண போட்டோ கொண்டுவந்தவர், புதுப் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தவர், பிரிண்ட் எடுக்கப் போனவர், எல்லோரும் கூடவே கொண்டுவந்தார்கள். கணினி இணையத்தோடு சேராததால் ஆன்டி வைரஸ் இருந்தாலும் புதுப்பிக்க வழி கிடையாது. நோய் வரும், மருந்து வராது.

இதற்கு வசதி செய்து கொடுத்தது விண்டோஸே. 1995-ல் 'ஆட்டோரன்' என்ற ஏற்பாடு வந்தது. சிடியைப் போட்டால் அதில் இருக்கும் ஆட்டோரன் டாட் ஐஎன்எஃப் என்ற சின்ன ஃபைலைப் படித்து, அது சொல்லும் நிரலைத் தானாகவே ஓட்டும். சாதாரண ஆட்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று வைத்தது. பென் டிரைவ் காலம் வந்ததும் வைரஸ் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வாசல் ஆகிவிட்டது. 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் பல லட்சம் கணினிகளைப் பிடித்தது. இவ்வளவுக்கும் அது நுழைந்த ஓட்டைக்கு அக்டோபரிலேயே மைக்ரோசாஃப்ட் அடைப்பு கொடுத்திருந்தது. எழுதியவனைப் பிடித்துக் கொடுத்தால் இரண்டரை லட்சம் டாலர் என்று 2009-ல் அறிவித்தார்கள். கான்ஃபிக்கரின் பென் டிரைவ் வேஷம் அழகானது. செருகியதும் வரும் பட்டியலில் 'ஃபோல்டரைத் திறந்து பார்' என்று மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு ஒரு வரி கூடுதலாக நிற்கும். அதைத் தட்டினால் திறப்பது ஃபோல்டர் இல்லை, அதுவே. கடைசியில் 2011 பிப்ரவரியில்தான் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் பென் டிரைவ் ஆட்டோரனை நிறுத்தும் அப்டேட்டைப் பரவலாக அனுப்பினார்கள். இணையம் இல்லாத எங்கள் வீட்டு எக்ஸ்பிக்கு அது எப்படி வரும்?

பென் டிரைவ் வழியை ஏழைகளின் வழி என்று நினைத்துவிடாதீர்கள். ஈரானின் அணு மையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுக்க எழுதப்பட்ட ஸ்டக்ஸ்நெட், இணையத்தோடு சேராத கணினிகளுக்குள் போக நம்பியதும் பென் டிரைவைத்தான். 2010-ல் அது வெளியே தெரிந்தபோது, அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. அது உபயோகித்த ஓட்டை என்ன தெரியுமா? ஷார்ட்கட் படத்தைத் திரையில் காட்டும் இடத்தில் விண்டோஸில் இருந்த ஒரு தவறு. தட்டக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும்.

ஷார்ட்கட் என்றதும் எங்கள் வீட்டுக்குத் திரும்பலாம். அப்பாவின் பென் டிரைவில் இருந்ததும் அந்தக் குடும்பத்துப் பெயர் கொண்டதுதான், 'ஷார்ட்கட் வைரஸ்' என்பார்கள். ஆனால் ஸ்டக்ஸ்நெட் போல மேதாவி கிடையாது. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலியாக ஷார்ட்கட் வைக்கும். தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்து உண்மையான ஃபோல்டரையும் திறந்துவிடும். நமக்குச் சந்தேகமே வராது. படத்தின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி மட்டும் கூடுதலாக இருக்கும், யார் பார்க்கிறார்கள்? இரண்டாவது கடையில் நடந்ததும் இப்போது புரியும். அங்கிருந்த ஆன்டி வைரஸ், வைரஸ் ஃபைலை மட்டும் அழித்துவிட்டது. போலி ஷார்ட்கட் ஆள் இல்லாமல் நின்றது. உண்மை ஃபோல்டர் மறைந்தே கிடந்தது. எதுவும் போகவில்லை! அவர் சொன்னபடி ஃபார்மட் பண்ணியிருந்தால்தான் போயிருக்கும்.

இந்த வித்தைக்கும் முன்னோர் உண்டு. 'ஐ லவ் யூ' அன்றைக்கே எம்பி3 பாட்டுகளை மறைத்துவிட்டு அதே பெயரில் தன் பிரதியை வைத்தது. (படங்களை அப்படி விடவில்லை, மேலேயே எழுதி நாசமாக்கியது.) அதை எழுதிய ஓனெல் டி குஸ்மானைத் தண்டிக்க அப்போது பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை, வழக்கு நிற்கவில்லை. இந்தியாவில் அதே 2000-ஆம் வருடம் அக்டோபர் 17-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 43-ஆவது பிரிவில் வைரஸ் புகுத்துவதற்கு ஒரு கோடி ரூபாய் வரை நஷ்டஈடு என்று இருந்தது. இதை அப்பாவிடம் சொன்னால், "யார்கிட்டடா வாங்குறது, ஜெராக்ஸ் கடைக்காரன்கிட்டயா?" என்றார். பாவம், அவருக்கும் யாரோ கொடுத்துவிட்டுப் போனதுதானே.

இப்போது எடுத்த கதை. முதல் கை கொடுத்தது அக்காவின் லேப்டாப். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கியது அது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் லினக்ஸ் பேச்சு அதற்கு முன்பே, எல்காட்டில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய யாரும் லினக்ஸைத் திறந்ததில்லை. படம் பார்க்க விண்டோஸ் போதுமே. அன்று இரவுதான் அக்கா முதல் முறையாக அதைத் திறந்தாள். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் இங்கே ஓடாது. விண்டோஸில் 'மறை' என்று போட்ட குறியை இது கண்டுகொள்ளவும் செய்யாது. பென் டிரைவைச் செருகினோம். 'கோயில் கணக்கு' என்று இரண்டு. ஒன்று ஒரு கேபி ஷார்ட்கட். பக்கத்திலேயே உண்மையான ஃபோல்டர், 2009 முதல் 2018 வரை வரிசையாக. "அப்பா, இங்க வாங்க" என்று அக்கா கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

முதல் வேலையாக எல்லாவற்றையும் லேப்டாப்பில் காப்பி எடுத்தோம். அதற்கு அப்புறம்தான் கணினி.

இங்கே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பென் டிரைவைத் துடைத்துச் சுத்தம் செய்து, வீரமாகக் கணினியில் செருகினேன். ஐந்து விநாடி. மறுபடி எல்லாம் ஷார்ட்கட். அழித்தேன், வந்தது. அழித்தேன், வந்தது. எங்கள் பக்கம் வேலிக்கருவை என்றும் சொல்கிற சீமைக்கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 1870-களில் சென்னை மாகாணத்து வனத்துறை விறகுக்காக வெளிநாட்டிலிருந்து விதை தருவித்துப் போட்ட மரம். மேலே வெட்டினால் வெட்டின இடத்தில் நாலு கிளையாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டினால் உண்டு, இல்லையென்றால் அடுத்த மழைக்கு ஆள் உயரம் நிற்கும். கரிமூட்டம் போடுகிறவர்கள் அதை நம்பித்தான் வெட்டுகிறார்கள், மறுபடி வளர வேண்டும் என்றே. நான் வெட்டியது கிளையை. தூர் கணினிக்குள் இருந்தது.

மறுநாள், திங்கட்கிழமை தினமலரோடு வந்த கம்ப்யூட்டர் மலரில் அப்பா எப்போதோ வெட்டி வைத்திருந்த பக்கங்களையும் அக்கா கல்லூரியில் கேட்டு வந்ததையும் வைத்து ஒழுங்காக உட்கார்ந்தோம். கணினி கிளம்பும்போது எஃப்8 விசையைத் தட்டித் தட்டி, சேஃப் மோடில், அதிலும் கறுப்புத் திரை மட்டும் வருகிற வகையில் நுழைந்தோம். அந்த வழியில் வந்தால், விண்டோஸோடு சேர்ந்து தானாகத் தொடங்கும் நிரல்கள் தொடங்காது. சுத்தமான ஃபிளாப்பி அளவுக்கு இல்லை என்றாலும், வாசலுக்கு வெளியே பாதிக் கால் வைத்து நிற்பது மாதிரி. அங்கிருந்து ரெஜிஸ்ட்ரியைத் திறந்து 'ரன்' என்ற இடத்தைப் பார்த்தோம். கணினி கிளம்பும்போது யார் யார் ஓட வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும். மவுஸ், ஸ்பீக்கர், பிரிண்டர் பெயர்களுக்கு நடுவே அர்த்தமே இல்லாத ஒரு பெயர், அது காட்டிய விலாசத்தில் ஒரு விபிஎஸ் ஃபைல். 'ஐ லவ் யூ' எழுதப்பட்ட அதே விபி ஸ்கிரிப்ட் மொழி! ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இன்னொரு பிரதி. ஒன்றை எடுத்தால் மற்றது நட்டுவிடும் ஏற்பாடு. இரண்டு ஃபைலையும் அழித்து, பட்டியலிலும் பெயரை நீக்கினோம். டாஸ்க் மேனேஜரை முடக்கிய குறியையும் எடுத்தோம். சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்தினோம், பழைய நிலையைச் சேமிக்கிறேன் என்று அது வைரஸையும் சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கும். அடுத்து 'அட்ரிப்' கட்டளை. மறை, சிஸ்டம், படிக்க மட்டும் என்ற மூன்று குறிகளையும் எடுத்துவிட்டால் மறைந்த ஃபோல்டர்கள் வெளியே வந்துவிடும். டாஸ் காலத்துக் கட்டளை அது. ஜோஷி காலத்தில் ரிப்பேர் மேசையில் இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

கணினியை அணைத்துக் கிளப்பினோம். பென் டிரைவைச் செருகிவிட்டு மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம். ஐந்து விநாடி, பத்து விநாடி, ஒரு நிமிடம். வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தது! பாட்டு ஏற்ற மாமா கொண்டுவந்த மெமரி கார்டில். இந்த முறை யாரும் சாப்பிடாமல் இருக்கவில்லை, அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். மாமா கார்டையும் சேர்த்து.

இன்று இந்த வித்தையெல்லாம் எவ்வளவு தூரம் உதவும் என்று கேட்டால், பழைய வகை வைரஸுக்கு உதவும். 2017 மே 12-ல் வந்த வான்னாக்ரை மாதிரி வந்தால் உதவாது. அது ஃபைல்களை மறைப்பதில்லை, பூட்டுகிறது. வைரஸை வேரோடு எடுத்தாலும் பூட்டு அப்படியே இருக்கும். திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும் அப்போது மாட்டிக்கொண்டன. இந்தப் பணம் பறிக்கும் தொழிலும் புதிது என்று சொல்ல முடியாது. 1989-லேயே ஜோசப் பாப் என்ற ஆராய்ச்சியாளர் எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃபிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார். கணினியை 90 முறை கிளப்பியதும் ஃபைல் பெயர்களைக் குழப்பி, ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, பனாமா நாட்டு விலாசத்துக்கு 189 டாலர் அனுப்பு என்றது. ஆனால் அவர் போட்ட பூட்டு எளியது. ஜிம் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர் பிரித்துப் பார்த்து, எடுக்கவும் மீட்கவும் இரண்டு நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டார். இப்போது பூட்டுகிறவர்கள் அப்படிப்பட்ட பூட்டுப் போடுவதில்லை.

சத்தமே காட்டாத வகையும் இருக்கிறது. எங்களுக்குத் தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-ல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அக்டோபர் 29-ல் அறிக்கை வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஒரு கணினியில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4-ல் சொன்னார்கள், அது நிர்வாக வேலைக்கான இணைய இணைப்பு உள்ள கணினி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்ந்தது இல்லை என்று ஒப்புக்கொண்டது. அதில் ஷார்ட்கட்டும் வரவில்லை, பிறந்தநாள் வாழ்த்தும் கேட்கவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை.

கோயில் கணக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிவராத்திரி அன்று ராத்திரி, பூசை முடிந்து பந்தலில் எல்லோரும் உட்கார்ந்தபோது அப்பா பிரிண்ட் எடுத்த தாள்களை வைத்துப் படித்தார். வைரஸ் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி, 2013-ல் மைக் செட்டுக்கு ஏன் 500 ரூபாய் கூடுதல் என்று. அப்பாவுக்கு அதற்கும் பதில் இருந்தது, அந்த வருடம் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் கடைக்குப் போய் நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு வாங்கி வந்தார். 2009-லிருந்து எல்லாவற்றையும் கையால் எழுத ஆரம்பித்தார். முடிக்க மூன்று வாரம் ஆனது. மைக் செட் வரிக்குப் பக்கத்தில் 'ஜெனரேட்டர்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறார்.